‘இன்வெஸ்ரிகேற்’ என்னுஞ் சொல்

‘அம்மானின் சுகத்தை விசாரித்தேன்’ என்பதனை ஆங்கிலத்தில் எழுதுமாறு நாம் ஒருமுறை பணித்தபோது, மாணவனொருவன் ‘இன்வெஸ்ரிகேற்’ என்னுஞ் சொல்லைக் கையாண்டிருந்தான். வகுப்பு நகைத்தது. அவன்மேற் பெருங்குற்றமில்லை. எம்மொழியில் ‘விசாரித்தல்’ என்பது நலங் கேட்டலையுங் குறிக்கும். பொலிசார் குற்றத்தைத் துருவுதலையுங் குறிக்கும். ஆங்கிலத்தில் நலங் கேட்டற்கும் செய்தி வினவுதற்கும் ‘இன்குவயர்’ என்பது பொருந்தும். மறைந்து கிடக்கும் உண்மையை முறைப்படி தேடிச் செல்லுதலே ‘இன்வெஸ்ரிகேற்’ ஆகும்.

இச்சொல் செயப்படுபொருளை நேரே கொள்வது. இதன்பின் ‘எபவுற்’ என்பதைச் சேர்த்தெழுதுதல் மாணவரிடைக் காணப்படும் பிழை. ‘இன்குவயர்’ என்பதன் பின்னரோ அது வரலாம்.

இச்சொல்லின் பிறப்பு இலத்தீன் மொழியிலாகும். அங்கே ‘வெஸ்ரீகியம்’ என்பது காலடிச் சுவடு. சுவட்டைப் பற்றிச் செல்வதே இதன் முதற்பொருள். எமது ‘ஆராய்தல்’ வேறொரு தொழிலை நினைவூட்டுவது. கீரை ஆய்பவள் பழுத்ததையும் புழுத்ததையும் கழித்து நல்லதைக் கொள்கின்றாள். அந்த ‘ஆய்’ என்னும் அடியே ஆராய்ச்சியிலும் நிற்கின்றது. சுவடு பற்றிச் செல்லுதல், பழுது நீக்கித் தெரிதல் ஆகிய இரண்டுங் கூடியதே முழுமையான தேடல் எனலாம்.

இதற்கோர் எடுத்துக்காட்டு. 1854ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் சோகோப் பகுதியிற் கொலரா நோயால் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். தீய காற்றே காரணமெனப் பலர் நம்பினர். வைத்தியர் ஜோன் சினோ நீரே காரணமென ஐயுற்றார். ஆயினும் ஐயத்தைத் துணிபாகக் கொள்ளவில்லை. இறந்தோர் பட்டியலைப் பெற்று, அவர்கள் எந்நீரைப் பருகினர் என வினவித் திரிந்தார். சுவடுகள் புறோட் வீதியிலிருந்த பம்பியை நாடின. செப்ரெம்பர் 8ஆம் நாள் அதன் கைப்பிடி கழற்றப்பட்டது. அதன் பின்னும் அவர் தேடலை நிறுத்தினாரல்லர். அருகிலிருந்த பியர் ஆலைத் தொழிலாளர் ஏன் சாகவில்லை? தொலைவில் ஹாம்ஸ்ரெட்டில் வாழ்ந்த கைம்பெண் ஏன் இறந்தார்? முன்னையோர் அப்பம்பி நீரைப் பருகாதவர். பின்னையவர் அந்நீரின் சுவையை விரும்பி நாடோறும் வருவித்தவர். விலக்குப்போல் தோன்றியவையே வலிய சான்றுகளாயின.

நாமோ, முன்னொருகால், வகுப்பிற் புத்தகமொன்று காணாமற்போனபோது, எடுத்தவன் இவனே என முதலில் முடிவுகட்டிப் பின்னர் வினவினோம். அவன் அழுதான், அழுகையைக் குற்றத்தின் அறிகுறியாகக் கொண்டோம். மூன்று நாட்களின் பின் புத்தகம் எமது அலுமாரியிலேயே அகப்பட்டது. அன்று நாம் செய்தது விசாரணையன்று. சுவட்டை நாமே பதித்து அதன்வழி நடந்தமையாகும். அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். ஆயினும் அவ்வழுகை எம் செவியை விட்டகலவில்லை.

எம் பழைய மாணவர் பலர் நீதிமன்றிலும் வைத்தியசாலையிலும் அலுவலகத்திலும் விசாரணை அறிக்கைகளில் ஒப்பமிடுகின்றனர். பிறர் வாழ்வு அவ்வொப்பத்திற் றங்கியுள்ளது. இச்சொல்லை எழுதுந்தோறும் அதனுள்ளே ஒரு காலடிச் சுவடு கிடத்தலை அவர்கள் நினைவாராக. இன்றைய மாணவரும் விடையை முன்வைத்துச் சான்று தேடாது, சான்று செல்லும் வழியே சென்று விடை காணப் பழகுவாராக.