அருணாசல மலையில் ஆந்தை ஆய்வுக்குப் பணம் கேட்கும் முன்

திருவண்ணாமலையில் பறவை பார்க்கிற இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். ஆனால் "பருந்துகளைக் காப்போம்" என்று தலைப்பிட்டு நிதி கேட்கும் அவர்களின் விண்ணப்பங்கள் திரும்பி வருகின்றன. ஆர்வத்தில் குறையில்லை. எதை முதலில் செய்வது என்பதில்தான் தடுமாற்றம்.

முதலில் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். உதாரணத்துக்குக் கொம்பன் ஆந்தை. அது கூடு கட்டுவதில்லை. பாறை விளிம்பில் மண்ணைக் கொஞ்சம் பறித்து, அந்தக் குழியையே கூடாக்கி முட்டையிடும். முட்டையிடும் காலம் நவம்பரில் தொடங்குகிறது. 2,668 அடி உயர அருணாசல மலையின் உச்சியில் கார்த்திகை தீபம் எரிவதும் அதையொட்டிய நாட்களில்தான். "கூட்டமும் வெளிச்சமும் உள்ள இரவுகளில் அடைகாக்கும் ஆந்தை எத்தனை முறை எழுந்து போகிறது?" இப்படிக் கேட்டால் பணம் தருபவருக்கு வேலை கண்ணில் தெரியும். பறவைப் பட்டியல் தயாரிக்கிறோம் என்றால் தெரியாது.

அடுத்து அனுமதி. பலரும் சறுக்குவது இங்கேதான். மலை காப்புக்காடு, மாவட்ட வன அலுவலரைப் பார்க்காமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம். கூட்டருகே ஏறிப் பார்ப்பதைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்கான விளக்கத்தில் பறவையைப் பிடிப்பது மட்டுமல்ல, கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும் அடக்கம். வளையமிடுவது, கருவி பொருத்துவது என்று திட்டம் போனால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பறவையென்றால் மத்திய அரசின் முன் ஒப்புதலும் வேண்டும். அதற்கு மாதங்கள் ஓடும், முட்டைப் பருவம் காத்திருக்காது. அதனால் என் விதி: முதல் ஆண்டு பறவையைத் தொடவே கூடாது. முக்காலியில் தொலைநோக்கி, எதிர்ப்பாறையில் நிழலில் ஆள், கையில் நோட்டு. போதும்.

பணத்துக்கு எங்கே போவது? 2025இல் தமிழக அரசு இரைகொல்லிப் பறவை ஆய்வுக்கென்றே ஓர் அமைப்பை அறிவித்தது. முதலில் அங்கே விசாரியுங்கள். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியையும் கேட்கலாம்: 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுக்குள் வரும் நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும், அதில் உயிரினப் பாதுகாப்பும் உண்டு. வெளிநாட்டில் ரஃபோர்ட் அறக்கட்டளை, ஓரியண்டல் பறவைச் சங்கம் போன்றவை சிறு தொகை தருகின்றன.

வெளிநாட்டுப் பணத்தில் ஒரு குறுக்குவழியைச் சொல்லித் தருவார்கள்: "தெரிந்த டிரஸ்டுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருக்கிறது, அவர்கள் வாங்கி நமக்குத் தருவார்கள்." தயவுசெய்து வேண்டாம்! எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி வாங்கிய பணத்தை இன்னொருவருக்கு மாற்றித் தரவே கூடாது. அந்த டிரஸ்டே ஆய்வை நடத்தட்டும், நீங்கள் அதன் பணியாளராகச் சேருங்கள்.

பட்ஜெட்டில் கேமராவுக்குக் குறைத்து ஆளுக்குக் கூட்டுங்கள். மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவருக்கு எந்தப் பாறையில் ஆந்தை அலறும் என்று தெரியும். அவருக்கு முழு நாள் கூலி போடுங்கள், தேநீர்ச் செலவில் ஒளிக்காதீர்கள். மக்கள் மலையைச் சுற்றி நடக்கும் கிரிவல இரவுகளுக்கு இருவர் தேவை: ஒருவர் ஆந்தையைப் பார்க்க, ஒருவர் பாதையில் போகும் ஆட்களை எண்ண.

கூடு இருக்கும் இடத்தை அறிக்கையில் குறிக்க வேண்டாம். அது வனத்துறைக்குத் தரும் தனிப் பிரதியில் மட்டும் இருக்கட்டும்.