நீரிறைத்தலும் வேலைக் கணக்கும்

உப்புவெளி போன்ற கரையோர மணல் நிலங்களில், கச்சான் வீசும் வறண்ட மாதங்களில், மரக்கறிப் பாத்திகளுக்கும் நாற்றுமேடைகளுக்கும் கிணற்று நீரே பெருந்துணையாகும். மணல் நீரை நெடுநேரம் தாங்கி வைப்பதில்லை. ஆதலின் அடிக்கடி இறைக்க வேண்டியுள்ளது. இவ்வுழைப்பு எங்கே வீணாகின்றது என்பதைப் பௌதிகவியலின் எளிய விதியொன்றால் அறியலாம்.

வேலை என்பது யாது?

ஒரு பொருளின்மீது விசையைச் செலுத்தி, அவ்விசையின் திசையில் அதனை நகர்த்தினால் வேலை நிகழ்கின்றது. விசையைத் தூரத்தாற் பெருக்க வருவதே வேலையின் அளவாகும். விசையை நியூற்றனிலும் தூரத்தை மீற்றரிலும் அளந்தால் வேலை யூலிற் கிடைக்கும். நிறைந்த வாளியை அசையாது பிடித்து நின்றால் கை சலிக்கும். ஆயினும் வாளி உயராமையால் அதன்மீது வேலை நிகழவில்லை.

ஒரு கணக்கு

10 லீற்றர் நீரின் திணிவு 10 கிலோகிராம். அதன் நிறை ஏறத்தாழ 98 நியூற்றன். அதனை 4 மீற்றர் உயர்த்த 392 யூல் வேலை தேவை. 100 வாளிக்கு 39,200 யூல். நீர்மட்டம் 5 மீற்றருக்குத் தாழ்ந்தால், அதே நீருக்கு 49,000 யூல். அதாவது காற்பங்கு அதிகம்.

கப்பியும் துலாவும்

நிலையான கப்பி விசையைக் குறைப்பதில்லை. கீழ்நோக்கி இழுக்கச் செய்வதால் உடற்பாரம் துணைபுரிகின்றது. துலாவின் பின்பாரம், வெறும் வாளியை இறக்கும்போது நாம் செய்த வேலையைச் சேமித்து, நிறைந்த வாளி ஏறும்போது திருப்பித் தருகின்றது. அசையும் கப்பியைச் சேர்த்தால் விசை ஏறத்தாழப் பாதியாகும். ஆனால் கயிற்றை இருமடங்கு தூரம் இழுக்க வேண்டும். இவை இளைப்பைக் குறைக்குமேயன்றி வேலையைக் குறைக்கமாட்டா. உயர்த்தும் நீரையும் உயரத்தையும் குறைத்தாலன்றி வேலை குறையாது.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. ஒழுகும் வாளியை அடைத்துக்கொள்க. 10 லீற்றரில் 2 லீற்றர் மேலே வருமுன் ஒழுகிப்போனால், 100 வாளி நீரைப் பெற 125 வாளி இறைக்க நேரும்.

2. இயந்திரத்தால் இறைப்போர் குழாயின் வாயைத் தேவைக்கு மேல் உயர்த்தலாகாது. நீர்மட்டம் 4 மீற்றர் ஆழத்திலிருக்க, நிலத்துக்கு மேல் 2 மீற்றர் உயரத்திலிருந்து ஊற்றினால் வேலை அரைப்பங்கு கூடும். எரிபொருட் செலவும் ஏறும்.

3. பாத்தியை வைக்கோலாலோ சருகாலோ மூடுக. ஈரம் நிலைக்கும், இறைப்புக் குறையும்.

4. கடலருகே அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நன்னீர் மட்டம் தாழ்ந்து உவர்நீர் உட்புகும். அப்போது உழைப்பும் கூடும், பயிரும் கெடும்.