இரண்டு சிறைச்சாலைகள்: ஜெபமும் ஆராதனையும்

வேதபகுதி: அப்போஸ்தலர் 12:1-23, 16:16-34

ஜெபமும் ஆராதனையும் கிறிஸ்தவ வாழ்க்கையின் இரு சுவாசங்கள். ஜெபத்தில் விசுவாசி தன் தேவையைத் தேவனிடம் கொண்டுசெல்கிறான். ஆராதனையிலோ தேவன் இன்னார் என்று அறிந்து அவரைப் பணிகிறான். கேட்டது கிடைக்கும் நாளில் இவ்விரண்டும் எளிதாய் இணைந்து செல்லும். கேட்டது கிடைக்காத நாளில் இவை என்னவாகும்? லூக்கா எழுதியுள்ள இரண்டு சிறைச்சாலை நிகழ்ச்சிகள் இக்கேள்விக்கு வெளிச்சம் தருகின்றன.

1. ஜெபித்த சபை

கி.பி. 41 முதல் 44 வரை யூதேயாவை ஆண்ட முதலாம் ஏரோது அகிரிப்பா, யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். அது யூதருக்குப் பிரியமாயிருந்ததைக் கண்டு, பேதுருவையும் பிடித்தான். புளிப்பில்லாத அப்பப் பண்டிகை நாட்கள் அவை. வகுப்புக்கு நால்வராக நான்கு வகுப்புகள், ஆக 16 சேவகர் காவலுக்கு நிறுத்தப்பட்டனர்.

சபைக்கு அரண்மனையில் செல்வாக்கு இல்லை, படைபலமும் இல்லை. சபையார் மாற்கு எனப்பட்ட யோவானின் தாயாகிய மரியாளின் வீட்டில் கூடி ஜெபித்தார்கள். அந்த ஜெபத்தின் ஊக்கத்தைக் குறிக்க லூக்கா கையாளும் கிரேக்கச் சொல், இழுத்து நீட்டப்பட்டது என்னும் கருத்துடையது. கெத்செமனேயில் இயேசு ஜெபித்ததைச் சொல்லும்போதும் (லூக்கா 22:44) இதே சொல்லின் மற்றொரு வடிவம் வருகிறது.

விசாரணைக்கு முந்தின இரவு வரை சிறைக்கதவு திறக்கவில்லை. திறந்தபின், பேதுரு வாசலில் நிற்கிறார் என்று ரோதை சொன்னபோது, ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே அதை நம்பவில்லை! பேதுருவின் விடுதலை அவர்களது விசுவாசத்தின் அளவைச் சார்ந்திருக்கவில்லை என்பது இதனால் தெளிவாகிறது. நம்பிக்கை தளர்ந்த நிலையிலும் அவர்கள் கூடிவருவதை நிறுத்தவில்லை, கேட்பதையும் விடவில்லை. தேவன் செவிகொடுத்தார்.

2. யாக்கோபுக்குத் திறவாத கதவு

ஆயினும் இந்த அதிகாரத்தை யாக்கோபை மறந்து வாசிக்கலாகாது. அதே ராஜா, அதே சபை, அதே தேவன். ஒருவர் விடுவிக்கப்பட்டார், மற்றவர் வெட்டுண்டார். லூக்கா காரணம் கூறவில்லை. யாக்கோபு விசுவாசத்தில் குறைந்தவர் என்றோ, சபை அவருக்காக ஜெபிக்கத் தவறியது என்றோ ஒரு சொல்லும் இல்லை.

முன்பு ஒருநாள் யாக்கோபு தாமே ஒரு விண்ணப்பம் செய்திருந்தார். கர்த்தருடைய மகிமையில் அவர் அருகே அமரும் இடத்தைத் தம் சகோதரனோடு சேர்ந்து கேட்டார். கர்த்தரோ தாம் குடிக்கும் பாத்திரத்தைப் பற்றிப் பேசினார் (மாற்கு 10:35-40). அந்தப் பாத்திரம் நீங்கும்படி குமாரனே கெத்செமனேயில் கேட்டார். கேட்டபின் பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். எபிரெயர் 11-ஆம் அதிகாரமும் பட்டயத்துக்குத் தப்பினவர்களையும் (வச. 34), பட்டயத்தால் மடிந்தவர்களையும் (வச. 37) ஒரே விசுவாசிகளின் வரிசையில் வைக்கிறது.

ஒரு வீட்டில் நோயாளி சுகமடைகிறார். அடுத்த வீட்டில் அடக்க ஆராதனை நடைபெறுகிறது. இரு வீடுகளிலும் கண்ணீரோடு ஜெபித்தவர்கள் உண்டு. துக்க வீட்டாரிடம், "இன்னும் ஊக்கமாய் ஜெபித்திருந்தால் பிழைத்திருப்பார்" என்று கூறுவது ஆறுதல் ஆகாது. அது வேதம் சுமத்தாத பாரத்தைச் சுமத்துவதாகும்.

3. பாடிய கைதிகள்

பிலிப்பி, மக்கெதோனியாவில் இருந்த ரோமக் குடியேற்றப் பட்டணம். அங்கே பவுலும் சீலாவும் முறையான விசாரணையின்றி அடிக்கப்பட்டு, உட்காவலறையில் தொழுமரத்தில் மாட்டப்பட்டார்கள். நடுராத்திரியில் அவர்கள் ஜெபித்துத் துதித்துப் பாடினார்கள். பூமி அதிர்ந்தது அதற்குப் பின்பே. பாடத் தொடங்கியபோது முதுகில் காயங்கள் இருந்தன, கதவு பூட்டியிருந்தது. ஆகவே அந்த ஆராதனை பெற்ற விடுதலைக்கு நன்றியும் அன்று, விடுதலைக்காகச் செலுத்திய விலையும் அன்று. தேவன் ஆராதனைக்குரியவர் என்பதே அதற்குப் போதிய காரணமாயிருந்தது.

கதவுகள் திறந்தும் அவர்கள் வெளியேறவில்லை. பேதுரு தப்பியபின் அவருடைய காவலாளருக்கு ஏரோது மரண தண்டனை விதித்தான் (12:19). பிலிப்பியின் சிறைச்சாலைக்காரனும் கைதிகள் ஓடிப்போனதாக எண்ணித் தன் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தான். பவுலின் சத்தம் அவனைத் தடுத்தது. காவல் செய்தவனே கைதிகளின் காயங்களைக் கழுவினான். அவனும் அவன் வீட்டாரும் அன்றிரவே ஞானஸ்நானம் பெற்றார்கள். மெய்யான ஆராதனை தன் விடுதலையை மட்டும் பார்ப்பதில்லை. அருகில் அழிந்துபோகிறவனையும் பார்க்கிறது.

4. ஆராதனையைத் தனக்கு எடுத்துக்கொண்டவன்

ஏரோதின் முடிவும் இதே பாடத்தின் ஒரு பகுதி. ஜனங்கள் அவனைத் தேவனென்று ஆர்ப்பரித்தபோது, அம்மகிமையை அவன் தேவனுக்குச் செலுத்தவில்லை (12:21-23). சிங்காசனத்தில் இருந்தவன் விழுந்தான். தொழுமரத்தில் இருந்தவர்கள் நின்றார்கள்.

நிறைவாக

பவுல் பிற்காலத்தில் சிறையிலிருந்தே பிலிப்பி சபைக்கு நிருபம் எழுதினார். விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடு தேவனுக்குத் தெரியப்படுத்தும்படி அதில் புத்தி கூறுகிறார் (பிலிப்பியர் 4:6). அதைத் தொடர்ந்து அவர் குறிப்பிடுவது, கேட்டது கிடைக்கும் என்னும் உறுதியை அல்ல. இருதயத்தைக் காக்கும் தேவசமாதானத்தை. ஆகவே விசுவாசி தயங்காமல் கேட்கக்கடவன். பதில் வரும்வரை ஆராதனையைத் தள்ளிவைக்காதிருக்கக்கடவன். ஆராதனையற்ற ஜெபம் வெறும் தேவைப்பட்டியலாகிவிடும். ஜெபமற்ற ஆராதனையோ பிறர் துன்பத்தை மறந்த பாடலாகிவிடும்.

சிந்தனைக்கு:

1. பதில் தாமதித்ததால் குடும்ப ஜெபத்தில் கைவிடப்பட்ட விண்ணப்பம் எது?

2. ஜெபித்தும் இழப்பைச் சந்தித்த ஒரு குடும்பத்துக்குச் சபை எவ்வாறு துணைநிற்கலாம்?

3. பிலிப்பியில் மற்றக் கைதிகள் பாடலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். துன்பநேரத்தில் ஒரு விசுவாசியிடமிருந்து அயலார் கேட்பது என்ன?