அஞ்சல்தலை சேகரிப்போம்

புனே நகரின் வானவடியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் தொழிலின் பொருட்டுத் தமிழகத்திலிருந்து வந்தவை. அவ்வீடுகளின் பழைய பெட்டிகளில், ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் எழுதிய கடிதங்கள் இன்னும் இருக்கக்கூடும். அக்கடித உறைகளின் மூலையில் ஒட்டப்பட்டுள்ள சிறு தாளே அஞ்சல்தலை. இத்தாளைச் சேகரிப்பது உலகெங்கும் பலர் விரும்பும் பொழுதுபோக்கு. அது அறிவைத் தரும். முறையாகச் செய்தால் ஓரளவு வருவாயும் தரும்.

அஞ்சல்தலை பிறந்த கதை

முற்காலத்தில் கடிதத்தைப் பெறுபவரே பெரும்பாலும் கட்டணம் செலுத்தினார். இங்கிலாந்தைச் சேர்ந்த ரோலண்டு ஹில் என்பவர், அனுப்புபவரே முன்கூட்டிக் கட்டணம் செலுத்தும் முறையை வலியுறுத்தினார். அதன் பயனாக 1840ஆம் ஆண்டு மே மாதத்தில் 'பென்னி பிளாக்' என்னும் முதல் அஞ்சல்தலை பயன்பாட்டுக்கு வந்தது. 1852இல் சிந்து மாகாணத்தில் 'சிந்து டாக்' அஞ்சல்தலைகள் வெளியாயின. ஆசியாவின் முதல் அஞ்சல்தலைகள் அவையே. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் அஞ்சல்தலை 1947 நவம்பர் 21 அன்று வெளிவந்தது. அதில் நம் தேசியக் கொடி பறந்தது; 'ஜெய்ஹிந்த்' என்னும் சொல்லும் இடம்பெற்றது.

ஒரே பக்கத்தில் இரு மண்

கிடைத்தவற்றையெல்லாம் குவித்து வைப்பது சேகரிப்பு ஆகாது. பறவைகள், தொடர்வண்டிகள், தலைவர்கள் என ஏதேனும் ஒரு பொருளைத் தேர்ந்து, அதற்குரியவற்றை வரிசைப்படுத்த வேண்டும்.

புனேயில் வளரும் தமிழ் மாணவருக்கு ஏற்ற பொருள் ஒன்று உண்டு. புனேயிலிருந்து 'கேசரி' இதழை நடத்திய பால கங்காதர திலகருக்கு 1956இல் அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. பாரதியாருக்கு 1960இலும், கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனாருக்கு 1972இலும் அஞ்சல்தலைகள் வெளிவந்தன. வ.உ.சி. திலகரைத் தம் அரசியல் வழிகாட்டியாகக் கொண்டவர். 1907இல் சூரத்தில் நடைபெற்ற காங்கிரஸ் மாநாட்டில் அவரும் பாரதியாரும் திலகரின் பக்கம் நின்றனர். இம்மூன்று அஞ்சல்தலைகளையும் ஒரே பக்கத்தில் வைத்தால், நாம் வாழும் மண்ணுக்கும் நம் முன்னோர் மண்ணுக்கும் உள்ள உறவு கண்முன் தோன்றும்.

புனேயில் கார்வே சாலையைப் பலரும் அறிவர். பெண்கல்விக்காக உழைத்த தோண்டோ கேசவ் கார்வேயின் பெயரால் அது வழங்குகிறது. அவரது நூறாம் பிறந்தநாளான 1958 ஏப்ரல் 18 அன்று அவருக்கு அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. உயிருடன் இருக்கும்போதே இந்திய அஞ்சல்தலையில் இடம்பெற்ற முதல் இந்தியர் அவரே. நாள்தோறும் கடந்து செல்லும் சாலையின் பெயருக்குப் பின்னால் உள்ள வரலாற்றை ஒரு சிறு தாள் இவ்வாறு கற்பிக்கிறது.

சேகரிக்கும் முறை

உறையில் ஒட்டிய அஞ்சல்தலையைக் கையால் உரிக்கலாகாது. சுற்றிலும் சிறிது தாள் விட்டு வெட்டி, நீரில் மிதக்கவிட வேண்டும். பசை இளகியதும் தானே பிரியும். பின்னர் வெள்ளைத் தாளின்மீது முகம் கீழாக வைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். விரலின் ஈரமும் எண்ணெய்ப் பசையும் படாதவாறு இடுக்கியால் எடுக்க வேண்டும். விளிம்பிலுள்ள பற்கள் ஒன்று முறிந்தாலும் மதிப்புக் குறையும். ஊர்ப்பெயரும் நாளும் தெளிவாகத் தெரியும் முத்திரை உறையில் இருந்தால், அவ்வுறையை வெட்டாமல் முழுமையாகவே பாதுகாக்க வேண்டும்.

புதிய அஞ்சல்தலைகளைப் பெற, பெரிய அஞ்சலகங்களில் சேகரிப்பாளர்களுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. அங்கு 200 ரூபாய் செலுத்தி வைப்புக் கணக்குத் தொடங்கினால், புதிய வெளியீடுகள் வீடு தேடி வரும்.

மதிப்பு எதனால் வருகிறது?

பழமை மட்டுமே விலையைத் தருவதில்லை. உலகின் முதல் அஞ்சல்தலையான பென்னி பிளாக் ஆறு கோடிக்கும் மேல் அச்சிடப்பட்டது. அதனால் அது இன்றும் பல சேகரிப்பாளர்களிடம் உள்ளது. அதற்கு 16 ஆண்டுகள் பின்னர்த் தென் அமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவில் வெளியான ஒரு சென்ட் அஞ்சல்தலையில் ஒன்றே ஒன்றுதான் உலகில் எஞ்சியுள்ளது. 1873இல் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டுக் கடிதங்களிடையே அதைக் கண்டெடுத்து, ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான். அதன் அருமையை அன்று எவரும் அறிந்திலர். 2014இல் அது ஏறத்தாழ 95 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது.

எனினும், அத்தகைய பேறு அரிதினும் அரிது. இன்று இலட்சக்கணக்கில் அச்சாகும் அஞ்சல்தலைகளை வாங்கி அடுக்கினால் செல்வம் சேரும் என எண்ணுவது தவறு. அருமை, பழுதற்ற நிலை, விரும்பி வாங்குவோர் ஆகிய மூன்றும் கூடினால்தான் விலை உயரும். அவற்றை அறிந்தவரே வாங்கியும் விற்றும் பொருளீட்டுகின்றனர்.

அறிவுக்கு உதவித்தொகை

மாணவர்க்கு வருவாய் தரும் நேர்வழி வேறொன்று உண்டு. 2017இல் இந்திய அஞ்சல்துறை 'தீனதயாள் ஸ்பர்ஷ்' திட்டத்தைத் தொடங்கியது. 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளில் பயின்று, நல்ல மதிப்பெண்ணும் பெற்று, அஞ்சல்தலை சேகரிப்பில் ஈடுபடும் மாணவர் 920 பேருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை வழங்குவது அதன் நோக்கம். பள்ளியின் அஞ்சல்தலைக் கழகத்தில் உறுப்பினராக இருத்தல் வேண்டும். கழகம் இல்லாத பள்ளியில் பயில்வோர் சொந்த வைப்புக் கணக்கு வைத்திருக்கலாம். வினாத்தேர்வும் செயல்திட்டமும் தேர்வு முறைகள். எத்தனை அஞ்சல்தலைகள் உள்ளன என்பதைவிட, அவற்றைப்பற்றி எவ்வளவு தெரியும் என்பதே இங்குப் பயன் தரும்.

எனவே, மாணவர்களே! பேரார்வத்துடன் சேகரியுங்கள், ஒவ்வொன்றின் வரலாற்றையும் கேட்டறிந்து எழுதி வையுங்கள். ஊரிலுள்ள உறவினர்க்கு அஞ்சல்தலை ஒட்டித் தமிழில் ஒரு கடிதம் எழுதுங்கள். அவர்கள் எழுதும் விடைக்கடிதமே உங்கள் தொகுப்பின் முதல் உறையாக அமையட்டும்.

சொற்பொருள்

இடுக்கி – சிறு பொருளைப் பற்றி எடுக்கும் கருவி
முத்திரை – அஞ்சலகம் இடும் அடையாளக் குறி
அருமை – எளிதில் கிடைக்காத தன்மை
எஞ்சியுள்ளது – மீதமாக இருக்கிறது
அறிந்திலர் – அறியவில்லை

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. ரோலண்டு ஹில் வலியுறுத்திய முறை யாது?
2. கார்வேயின் அஞ்சல்தலைக்குரிய தனிச்சிறப்பு யாது?
3. பென்னி பிளாக்கைவிடப் பிரிட்டிஷ் கயானா அஞ்சல்தலை விலை மிகுந்தது ஏன்?

ஆ. பிரித்து எழுதுக.
இத்தாள், அவ்வுறை, பேரார்வம்

இ. செயல்பாடு
தமிழகத்தையும் மராட்டியத்தையும் இணைக்கும் மூன்று அஞ்சல்தலைகளைத் தேர்ந்து ஒரு பக்கம் அமைக்க. அவற்றின் தொடர்பை ஐந்து தொடர்களில் எழுதுக.