சக்தியும் சிக்கனமும்: மட்டாஞ்சேரிக் கரை தரும் பாடம்

வேலை செய்யும் திறன் சக்தி எனப்படும். அதன் வடிவங்களை விளக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. கொச்சி மட்டாஞ்சேரியின் பண்டகசாலைகளிலிருந்து கோட்டைக் கொச்சியின் சீன வலைகள் வரை நீர்க்கரையோரமாக ஒருமுறை நடந்து சென்றாலே போதும். சக்தியின் முக்கிய வடிவங்களை அன்றாடத் தொழிலிலேயே காணலாம்.

நிலைச் சக்தியும் இயக்கச் சக்தியும்

சீன வலையின் நெடுமரத்தின் ஒரு முனையில் வலையும், மறுமுனையில் கயிறுகளில் கட்டிய கற்களும் தொங்குகின்றன. மரத்தின்மீது ஒருவர் நடந்து சென்றால் அவருடைய எடையே வலையை நீரில் இறக்கிவிடும். அப்போது கற்கள் மேலெழுகின்றன. உயரத்தில் நிற்கும் கல்லில் அடங்கியிருப்பது நிலைச் சக்தி. வலையைத் தூக்கும்போது கற்கள் கீழிறங்கி, அச்சக்தியை இயக்கச் சக்தியாக மாற்றித் தருகின்றன. எஞ்சிய பாரத்தை மட்டுமே ஆட்கள் கயிறு பிடித்து இழுக்க வேண்டும். அவர்களுடைய உடல் வலிமையும் உண்ட உணவில் அடங்கிய இரசாயன சக்தியிலிருந்து பிறந்ததே.

சக்தியை ஜூல் என்னும் அலகால் அளப்பர். 100 கிலோகிராம் எடையுள்ள கல்லை 3 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 2,940 ஜூல் வேண்டும்.

வெயிலும் மழையும்

மட்டாஞ்சேரி நெடுங்காலமாக இஞ்சி, மிளகு வாணிகத்துக்குப் பெயர்பெற்றது. பச்சை இஞ்சியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீரே. 100 கிலோகிராம் இஞ்சியைச் சுக்காக்க 78 கிலோகிராம் நீரை ஆவியாக்க வேண்டும். ஒரு கிலோகிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 இலட்சம் ஜூல் வெப்பம் தேவை. அவ்வளவு வெப்பத்தை டீசலை எரித்துப் பெறுவதாயின் 5 லிட்டருக்கு மேல் செலவாகும். முற்றத்தில் பரப்பிய இஞ்சிக்கு அதனைக் கதிரவன் விலையின்றி அளிக்கிறான்.

கடைவீதியில் எரியும் விளக்குக்கும் மூலமாக அமைவது பெரும்பாலும் கதிரவனே. அரபிக் கடல் நீரை ஆவியாக்கி, மலைமேல் மழையாகப் பொழியச் செய்வது வெயில். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல் 1940-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. 780 மெகாவாட் திறனுள்ள இடுக்கித் திட்டம் 1976-இல் தொடங்கிவைக்கப்பட்டது. இடுக்கி நீர்த்தேக்கத்தின் நீர் 650 மீட்டருக்கும் அதிகமாக வீழ்ந்து மூலமற்றத்தில் சுழலிகளை ஓட்டுகிறது. ஆயினும் ஒரு யூனிட் மின்சாரம் பெற ஏறத்தாழ 680 லிட்டர் நீரைச் செலவிட வேண்டியுள்ளது. 60 வாட் இழைவிளக்கு ஒன்று 17 மணி நேரத்துக்குள் அந்த யூனிட்டைத் தீர்த்துவிடும். ஏறக்குறைய அதே ஒளி தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்கு 110 மணி நேரம் எரியும். பருவமழை பொய்த்த ஆண்டில் இந்த வேறுபாட்டின் அருமை புலனாகும்.

புதைந்த சக்தி

மீன்பிடி விசைப்படகுகளை ஓட்டும் டீசலும் பழைய வெயிலே ஆகும். பலகோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் சேர்த்துவைத்த சக்தி, மண்ணடியில் புதைந்து கச்சா எண்ணெயாயிற்று. ஒரு லிட்டர் டீசலில் 3 கோடியே 60 இலட்சம் ஜூல் அடங்கியுள்ளது. முன்சொன்ன கல்லைப் பன்னிரண்டாயிரம் முறை தூக்குவதற்கு அது ஈடாகும். இயற்கை அதனை மீண்டும் உண்டாக்கும் காலம் மனித வரலாற்றைவிடப் பன்மடங்கு நீண்டது. எனவே வெயில், காற்று, மழை ஆகியவை புதுப்பிக்கத்தக்க மூலங்கள் என்றும், நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவை தீர்ந்துபோகும் மூலங்கள் என்றும் பிரிக்கப்படுகின்றன.

அழியாத ஒன்றை ஏன் சேமிக்க வேண்டும்?

சக்தியை ஆக்கவோ அழிக்கவோ இயலாது. ஒரு வடிவிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றத்தான் முடியும் என்பது இயற்கை விதி. அவ்வாறாயின் சிக்கனம் எதற்கு என்று மாணவர் வினவக்கூடும். அது நியாயமான கேள்வியே. ஒரு குவளைக் கொதிநீரையும் ஒரு குவளைக் குளிர்நீரையும் கலந்தால் வெதுவெதுப்பான நீர் கிடைக்கும். வெப்பம் எதுவும் தொலைந்துபோகவில்லை. ஆனால் அந்நீர் தானாக மீண்டும் கொதிநீராகவும் குளிர்நீராகவும் பிரிவதில்லை. டீசல் எஞ்சினிலும் இதுவே நிகழ்கிறது. எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சுழல்தண்டை அடைகிறது; எஞ்சியது புகையோடும் குளிர்விக்கும் நீரோடும் வெப்பமாக வெளியேறிவிடுகிறது. கடலிலும் காற்றிலும் கலந்த அவ்வெப்பத்தைத் திரட்டி மற்றொரு படகை ஓட்ட இயலாது. சக்தி அழியவில்லை, அதன் பயன்படும் தன்மையே குன்றிவிட்டது. நாம் சேமிக்க வேண்டியது அத்தன்மையைத்தான்.

எரிந்த ஒவ்வொரு லிட்டர் டீசலும் ஏறத்தாழ 2.7 கிலோகிராம் கரியமிலவாயுவைக் காற்றில் சேர்க்கிறது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. அவ்வாயு மிகுவதால் கடல்நீர் வெப்பமடைகிறது. அதன் விளைவை முதலில் உணர்வோரில் மீனவரும் அடங்குவர்.

படகில் சிக்கனம்

விசைப்படகின் கடற்பயணச் செலவில் எரிபொருளுக்கே பெரும்பங்கு போகிறது. மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அச்செலவு உண்டு. 1957-இல் கொச்சியில் தொடங்கப்பெற்ற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் எரிபொருள் குறைவாகச் செலவாகும் படகமைப்பை ஆராய்ந்து, 2016-இல் ‘சாகர் ஹரிதா’ என்னும் மீன்பிடிக் கலத்தை நீரில் இறக்கியது. புதுக்கலம் வாங்க இயலாதவரும் கையாளக்கூடிய முறை ஒன்று உண்டு. அது வேகத்தைக் குறைத்தல்.

நீரைக் கிழித்துச் செல்லும் படகுக்குத் தேவையான திறன், ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் 40 கிலோமீட்டர் செல்ல 20 லிட்டர் டீசல் செலவாவதாகக் கொள்வோம். வேகத்தை 9 கிலோமீட்டராகக் குறைத்தால் ஏறத்தாழ 16 லிட்டர் போதும். கரை சேர அரை மணிக்கும் குறைவாகவே தாமதமாகும். படகின் அடிப்பாகத்தில் ஒட்டும் கொட்டலசையும் பாசியையும் சுரண்டி எடுத்தல், எஞ்சினுக்கு ஏற்ற சுழல்விசிறியைப் பொருத்துதல், வடிகட்டிகளைத் தூய்மையாக வைத்தல் ஆகியனவும் பயன் தரும்.

கொச்சிக் காயலில் 2023 முதல் மின்கலங்களால் இயங்கும் நீர்மெட்ரோப் படகுகள் ஓடுகின்றன. நெடும்பாசேரி விமான நிலையம் 2015 முதல் கதிரவன் ஒளியிலிருந்து மின்சாரம் பெறுகிறது. புதிய மூலங்கள் வந்தாலும் சிக்கனத்தின் தேவை குறைவதில்லை; மின்கலத்தில் சேமித்த சக்தியும் அளவுக்குட்பட்டதே.

களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும்

களப்பணியாளர், ஒரே படகில் ஒரே தொலைவை இருவேறு வேகங்களில் கடந்து, செலவான டீசலை மீனவர் முன்னிலையிலேயே அளந்து காட்டலாம். ஆசிரியர், மாணவர்தம் வீட்டு மின்மானியில் ஒரு வாரத்துக்கு நாள்தோறும் அளவு குறித்துவரச் செய்து, ஒவ்வொரு யூனிட்டையும் 680 லிட்டரால் பெருக்கச் சொல்லலாம். அணையிலிருந்து தன் வீட்டுக்காக இறங்கிய நீரின் அளவைத் தானே கணக்கிட்டு அறிந்த மாணவன், ஆளில்லா அறையில் எரியும் விளக்கைக் கண்டு வாளா கடந்து செல்லமாட்டான்.