ஹெல்சிங்கி செல்லும் மகளுக்கு

கேள்வி: மேற்படிப்பின் நிமித்தம் பின்லாந்து செல்லும் என் மகளிடம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவோடு என்ன புத்திமதி கொடுத்தனுப்பலாம்?
— ஒரு வாசகி, இராஜபாளையம்.

பதில்: அம்மையீர், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பிரயாணிகள் பால், மாமிசப் பண்டங்களைக் கொண்டுவர அங்குள்ள சட்டம் இடங்கொடாதாகையால், பால்கோவாவை வீட்டிலேயே ஆசைதீர உண்ணட்டும். ஆண்டாள் சந்நிதியில் திருப்பாவை ஒலிக்கும் மார்கழியில், ஹெல்சிங்கியிலோ ஒன்பது மணிக்குமேல் உதித்து மூன்றேகால் மணிக்கெல்லாம் அஸ்தமித்துவிடும் சூரியனால் மனம் சோர்வது சகஜமாதலின், அந்தச் சொற்ப வெளிச்சத்தில் தினந்தோறும் உலாவுவதை ஒரு விரதமாகவே கொள்ளட்டும். அந்நாட்டாரின் மௌனத்தை அலட்சியமென்று எண்ணி அவள் வருந்த வேண்டாம். வாசலில் செருப்பைக் கழற்றும் நம் ஆசாரம் அங்கும் உண்டு. அவ்வூர் தமிழுக்கு அந்நியமுமன்று: சிந்துவெளி எழுத்தை ஆராய்ந்து, 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டில் விருது பெற்ற அஸ்கோ பர்ப்போலா, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவரே. தைரியமாக அனுப்புங்கள், வாரந்தோறும் தவறாமல் பேசுங்கள்.