எண்களுக்கும் கடைமடை உண்டு

மாணவர்களே, பேச்சிப்பாறை அணையில் நீர் திறந்தால் தலைமடை வயல்கள் முதலில் நிறைகின்றன. கடைமடைக்காரர் வரப்பில் காத்து நிற்கிறார். இணையத்திலும் இத்தகைய பங்கீட்டுச் சிக்கல் ஒன்று உண்டு. அங்கே பங்கிடப்படுவது நீரன்று, எண்.

இணையத்தில் சேரும் கணினிக்கு ஓர் எண் முகவரி வேண்டும். 1981-ல் வகுத்த விதிப்படி அது 32 இலக்கங்கள் கொண்டது. ஒவ்வோர் இலக்கமும் 0 அல்லது 1. ஆகவே 2-ஐ 32 முறை எழுதிப் பெருக்கினால் வரும் 429 கோடியே 49 இலட்சத்துச் சொச்சம்தான் மொத்த முகவரிகள். உலக மக்களோ 800 கோடிக்கு மேல்!

தொடக்கத்தில் கேட்டவர்கள் சிலரே. வழங்கிய அளவுகளும் மூன்றே: 256, 65,536, 1,67,77,216. முதலாவது போதாதவருக்கு இரண்டாவது கிடைத்தது; அதில் பெரும்பகுதி வீணாயிற்று. இம்முறை 1993 வரை நீடித்தது.

மூன்றாவது அளவைப் பெற்றவற்றுள் ஒன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். நம் கன்னியாகுமரி மாவட்ட மக்கள் 2011 கணக்கெடுப்பில் 18,70,374 பேர். வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு ஏறத்தாழ 9 முகவரிகள்! அவற்றுள் 1 கோடியே 40 இலட்சம் பயன்படாமலே கிடந்தன என்று 2017-ல் அக்கழகமே அறிவித்து, ஒரு பகுதியை விற்கவும் செய்தது.

தேவையைக் காட்டியவருக்குத்தானே கொடுத்தோம் என்பர். பொய்யில்லை. ஆனால் தேவையைக் காட்டக் கணினி வேண்டுமே! அன்று அது இல்லாதவர் எதைக் காட்டுவார்?

2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. ஏப்ரலில் ஆசிய-பசிபிக் வட்டாரத்தில், கேட்பவர் எவராயினும் 1,024-க்கு மேல் இல்லை என்று வரையறுத்தனர். 2019-ல் அது 512 ஆயிற்று. நம்மூர் முறைப்பாசனம்தான். ஆனால் குளம் வற்றிய பிறகு வந்த முறை!

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? உங்கள் வீட்டுக் கைப்பேசி பழைய முகவரி ஒன்றை முன்பின் அறியாத பலருடன் பகிர்ந்துகொள்கிறது. அவர்களுள் ஒருவர் செய்த குறும்புக்காக ஒரு தளம் அம்முகவரியைத் தடுத்தால், உங்களுக்கும் கதவடைப்பே. வீட்டுக் கணினியில் நீங்களே ஒரு தளம் நடத்த எண்ணினாலும், வெளியிலிருந்து வருபவர் உங்களை நேரே எட்ட வழியிராது.

புதிய ஆறாம் பதிப்பில் முகவரிக்கு 128 இலக்கங்கள். மொத்த எண்ணிக்கையை எழுத 39 இலக்கம் வேண்டும். பஞ்சமென்ற பேச்சே இல்லை. இந்தியக் கைப்பேசிகளிலும் இது பரவலாகிவிட்டது. எனினும் பழைய முகவரி மட்டுமே அறிந்த தளங்கள் இன்னும் ஏராளம். அவற்றை எட்ட, பழைய எண்ணையே பங்கிட்டாக வேண்டியிருக்கிறது.